ராஜா போனான், சாட்டை போனதா?

ரோமாபுரி மக்கள் கொடுங்கோல் மன்னனை விரட்டினார்கள், குடியரசை நிறுவினார்கள், சுதந்திரம் மலர்ந்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடம் இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னனை விரட்டியது யார்? குடியரசு யார் கைக்குப் போயிற்று? சுதந்திரம் யார் வீட்டு முற்றத்தில் மலர்ந்தது? பாடத்தில் இதற்கெல்லாம் பதிலைக் காணோம்.

நாம் கேட்போம், தோழர்களே!

கதை இதுதான். கி.மு. 509 என்று மரபாகச் சொல்லப்படும் ஆண்டு. ரோமின் ஏழாவது அரசன் டார்க்வின், 'ஆணவக்காரன்' என்று பட்டப்பெயர் வாங்கியவன், ஆர்தியா என்ற பணக்கார நகரை முற்றுகையிட்டிருக்கிறான். அவன் மகன் செக்ஸ்டஸ், தன் உறவினனான கொல்லாட்டினஸ் இல்லாத நேரத்தில் அவன் வீட்டுக்கு இரவில் போய், அவன் மனைவி லுக்ரீஷியாவைக் கத்தி முனையில் கெடுக்கிறான். அவள் தந்தையையும் கணவனையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, பழிக்குப் பழி வாங்கும்படி கேட்டுவிட்டு, தன்னைத் தானே குத்திக்கொண்டு சாகிறாள். அந்தக் கத்தியை உருவி எடுத்து புரூட்டஸ் சபதம் செய்கிறான். ஊர் கொதித்தெழுகிறது. ராஜ குடும்பம் நாட்டை விட்டுத் துரத்தப்படுகிறது.

லுக்ரீஷியாவுக்கு நேர்ந்தது கொடுமை. அதைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் அந்தக் கதைக்குள்ளேயே இன்னொரு உயிர் இருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாவுக்கு அவள் அஞ்சவில்லை என்று கண்ட செக்ஸ்டஸ், "உன்னைக் கொன்றுவிட்டு, ஓர் அடிமையின் கழுத்தை அறுத்து உன் பக்கத்தில் நிர்வாணமாகப் போட்டுவிடுவேன், ஊர் உன்னைத் தூற்றும்" என்று மிரட்டுகிறான். அந்த மிரட்டலுக்குத்தான் அவள் பணிகிறாள். ஓர் அடிமையின் கழுத்தை அறுப்பது அவனுக்குத் தலையணையை நகர்த்திப் போடுவது போல! அந்த அடிமைக்கு ஒரு பெயர் உண்டா, தாய் உண்டா, பிள்ளை உண்டா? கதை சொன்ன பெரியவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ரோமாபுரியில் 'சுதந்திரம்' பிறந்த இரவின் லட்சணம் இது.

இவற்றையெல்லாம் நமக்கு விரிவாகச் சொல்பவர் லிவி என்ற சரித்திராசிரியர். சம்பவம் நடந்து சுமார் ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தில் எழுதியவர். அவர் ஏழைகளின் வக்கீல் அல்ல. கதையில் கலப்படமும் இருக்கும். இருக்கட்டும். பிரபுக்களின் பக்கம் நின்று எழுதிய அவர் தம் வாயாலேயே ஒப்புக்கொள்வதை வைத்தே நமது வழக்கை நடத்துவோம்.

வளர்த்த கடா

டார்க்வின் எப்படி ராஜாவானான்? அவனுக்கு முன்னால் இருந்தவன் செர்வியஸ் துல்லியஸ். அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவன் என்று சொல்லப்பட்டவன். அவனும் ஏழைகளின் ரட்சகன் அல்ல. ஜனங்களைச் சொத்துக் கணக்குப்படி வகுத்து, ஓட்டுக்களை 193 கூறாகப் பிரித்தவன் அவனே என்கிறார்கள். அதில் குதிரை வைத்திருந்த சீமான்களுக்கு 18, முதல் வகுப்புப் பணக்காரர்களுக்கு 80, ஆக 98. இந்தத் தொண்ணூற்றெட்டும் ஒரு பக்கம் சாய்ந்தால் காரியம் முடிந்தது. மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவே வேண்டியதில்லை! ஒன்றுமில்லாத ஏழைகள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்களுக்கு ஒரே ஒரு கூறு. ராஜ்யத்துக்குப் பிள்ளைகளைப் பெற்றுத் தருவதைத் தவிர வேறு சொத்தில்லாதவர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு 'ப்ரோலிட்டாரி' என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் பாட்டாளி வர்க்கத்தைக் குறிக்கும் 'ப்ரோலிட்டேரியட்' என்ற சொல் அங்கே பிறந்ததுதான்.

இவ்வளவு செய்தும் செர்வியஸைப் பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. ஏன்? பிரபுக்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கிக் கீழ்மக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான், வரிச்சுமையைப் பணக்காரர் தலையில் ஏற்றினான் என்பதே குற்றச்சாட்டு. செனட் சபையில் நின்று இந்தக் குற்றச்சாட்டை முழங்கியவன் யார் தெரியுமா? டார்க்வின்! இந்தப் பேச்சைப் பேசித்தான் அவன் பிரபுக்களில் பலரைத் தன் பக்கம் சேர்த்தான். கிழ ராஜாவைத் தூக்கிப் படிக்கட்டில் எறிந்தான். அவன் ஆட்கள் தெருவில் வெட்டிக் கொன்றார்கள். பெற்ற மகளே தகப்பன் பிணத்தின் மேல் ரதத்தை ஓட்டினாள். அன்று செனட்டில் எந்தப் பிரபு கத்தியை உருவிச் சபதம் செய்தான்? ஒருவனும் இல்லை.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. டார்க்வின் செனட்டர்களையே கொன்றான், நாடு கடத்தினான், சொத்தைப் பறித்தான், சபையைக் கேளாமல் யுத்தமும் சமாதானமும் செய்தான். அப்போதுதான் பிரபுக்களுக்கு முடியாட்சி கசந்தது!

ஏழைகளுக்கோ அது வெகு காலமாகவே கசந்திருந்தது. கேப்பிடல் குன்றின் மேல் ஜூப்பிட்டருக்கு மாபெரும் கோயில் கட்ட அவர்கள் கல் சுமந்தார்கள். ஊரின் கழிவு முழுவதையும் டைபர் ஆற்றுக்குக் கொண்டுபோகும் பெருஞ்சாக்கடையைப் பூமிக்கடியில் வெட்டினார்கள். இந்த வேலையின் கொடுமை தாங்காமல் முன்பு முதலாம் டார்க்வின் காலத்திலேயே ஜனங்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அதற்கு அந்த ராஜா கண்ட பரிகாரம் என்ன? செத்தவர்களின் பிணங்களைச் சிலுவையில் அறைந்து, நாயும் நரியும் கழுகும் தின்னும்படி விட்டான். செத்தாலும் விடமாட்டேன் என்றானாம்! அந்தச் சாக்கடை இன்றும் ரோமில் இருக்கிறது. அதைப் பார்த்து, 'ஆகா, ராஜாக்களின் கட்டடத் திறமை!' என்று எழுதுகிறார்கள். மண்ணை வெட்டியவன் கை ராஜாவின் கையா?

புரூட்டஸுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் லுக்ரீஷியாவின் பிணத்தைக் காட்டியதோடு அவன் நிற்கவில்லை. சதுக்கத்தில் ஏறி நின்று, சாக்கடைக் குழியில் உங்களைத் தள்ளினானே, போர் வீரர்களைக் கல்லுடைப்பவர்களாக ஆக்கினானே என்று நினைவூட்டினான். தங்களுக்கு ஆள் பலம் வேண்டும் என்றபோது சீமான்கள் வாயில் ஏழையின் கூலிப்பாடு வந்தது!

யார் அந்த நால்வர்?

சபதம் செய்தவர்கள் நால்வர். லுக்ரீஷியாவின் தந்தை, ராஜா ஊரில் இல்லாதபோது நகரத்தை நிர்வகிக்க ராஜாவே நியமித்த அதிகாரி. கணவன் கொல்லாட்டினஸ், ராஜாவின் பங்காளி. புரூட்டஸ், ராஜாவின் சகோதரி மகன். ராஜாவின் குதிரைப் படைத் தலைவன். நான்காமவன் வலேரியஸ், பெரிய வீட்டுப் பிள்ளை. சாக்கடை வெட்டிய ஒருவன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை.

ராஜா போனான். அவன் இடத்துக்கு இரண்டு கான்சல்கள் வந்தார்கள். முதல் இருவர் யார்? புரூட்டஸும் கொல்லாட்டினஸும். அதாவது மாமன் போனான், மருமகன் வந்தான்! (கொல்லாட்டினஸுக்கும் டார்க்வின் என்ற குலப்பெயர் இருந்ததால் ஜனங்கள் சந்தேகப்பட, அவன் சீக்கிரமே பதவியை விட்டு வெளியேற நேர்ந்தது. அது வேறு விஷயம்.) ராஜாவின் அதிகாரத்தில் எதைக் குறைத்தார்கள்? லிவியே சொல்கிறார்: எதையும் குறைக்கவில்லை, ஓர் ஆண்டுக்கு மேல் பதவியில் இருக்கக் கூடாது என்பதுதான் புதிது. ராஜாவுக்கு முன்னால் பிரம்புக் கட்டும் கோடரியும் தூக்கிக்கொண்டு 12 சேவகர்கள் நடப்பார்கள். பிரம்பு அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. கான்சல்களுக்கு முன்னாலும் அதே பிரம்பு, அதே கோடரி. இருவருக்கும் ஒரே சமயத்தில் வேண்டாம், மாறி மாறித் தூக்கலாம் என்று பெருந்தன்மையோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள்!

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ராஜாதான் செய்ய வேண்டிய சில பூஜைகள் இருந்தன. தெய்வ கோபம் வந்துவிடக் கூடாதே! ஆகவே 'யாகத்துக்கு ராஜா' என்று ஒரு பூசாரிப் பதவியை உண்டாக்கினார்கள். பெயரளவில் ஒரு ராஜா கோயிலில். நிஜ ராஜாக்கள் செனட்டில்.

ஓர் ஆண்டுத் தவணை என்பது ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் ஒருவன் கழுத்தில் உட்காருவதைவிட அது மேல்தான். ஆனால் அந்த நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தவர்கள் யார் என்று பாருங்கள். பிளெபியன்கள் எனப்பட்ட சாமானிய ஜனங்களில் ஒருவனுக்குக் கான்சல் பதவி உண்டு என்று சட்டம் வந்தது கி.மு. 367-ல். ராஜா போய் 142 ஆண்டுகள் கழித்து!

பயம் இருந்த வரையில்

விரட்டப்பட்ட டார்க்வின் சும்மா இருக்கவில்லை. அவனை மீண்டும் கொண்டுவர ரோமுக்குள்ளேயே சதி நடந்தது. சதிகாரர்கள் யார்? பிரபு வீட்டு இளைஞர்கள்; அவர்களில் புரூட்டஸின் பிள்ளைகள் இருவர். ராஜா மனிதன், அவனிடம் சலுகை கேட்கலாம், சட்டத்துக்குக் காதில்லை என்பது அவர்களுடைய குறை! சதியைக் காட்டிக் கொடுத்துக் குடியரசைக் காப்பாற்றியது ஓர் அடிமை.

அப்போது பிரபுக்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ராஜாவின் சொத்தைக் கஜானாவில் சேர்க்காமல், ஜனங்களே கொள்ளையிடட்டும் என்று விட்டார்கள். தாராள மனசா? இல்லை. ஒரு முறை அதில் கை வைத்தவன் இனி ராஜாவோடு சமாதானமாகப் போக முடியாது என்ற கணக்கு. நிலத்தை மட்டும் கொடுத்தார்களா? ஆற்றங்கரையில் இருந்த ராஜாவின் நிலத்தைப் போர்த் தெய்வமான மார்ஸுக்கு எழுதி வைத்தார்கள். அதில் விளைந்து அறுவடைக்கு நின்ற தானியத்தைத் தின்பது பாவமென்று, தாளோடு அறுத்துக் கூடை கூடையாக டைபர் ஆற்றில் கொட்டினார்கள். நிலமில்லாதவன் கரையில் நின்று பார்த்தான்.

அடுத்த ஆண்டு, கி.மு. 508-ல், குளூசியம் நாட்டு ராஜா போர்சென்னா, டார்க்வினுக்காகப் படை எடுத்து வந்தான். செனட்டுக்கு நடுக்கம் கண்டுவிட்டது. பகைவனைவிடத் தங்கள் சொந்த ஜனங்களுக்கே அதிகம் பயந்தார்கள். உயிருக்கு அஞ்சி ராஜாவைக் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டால்? உடனே கருணை பெருகியது! வெளியூர்களுக்கு ஆளனுப்பித் தானியம் வாங்கினார்கள். தனியார் கையில் இருந்து கொள்ளை விலைக்கு விற்ற உப்பை சர்க்காரே எடுத்துக்கொண்டது. சாமானியருக்குச் சுங்கம் இல்லை, வரி இல்லை. ஏழை தன் பிள்ளைகளை வளர்ப்பதே போதும், அதுவே அவன் செலுத்தும் வரி என்றார்கள். எவ்வளவு அழகான பேச்சு!

இந்த அழகு எத்தனை நாள் நீடித்தது? கி.மு. 495-ல், கியூமே நகரில், அகதியாக இருந்த டார்க்வின் செத்தான். செய்தி ரோமுக்கு வந்தது. பிரபுக்கள் கொண்டாடினார்கள். அதுவரை ஜனங்களுக்குச் சேவகம் செய்துகொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து அவர்களைக் கொடுமைப்படுத்தத் தொடங்கினார்கள். இது நாம் இட்டுக்கட்டியதல்ல, லிவி எழுதியது. சல்லஸ்ட் என்ற இன்னொரு சரித்திராசிரியரும் இதையே சொல்கிறார்: டார்க்வினைப் பற்றிய பயம் இருந்த வரைக்கும்தான் நீதி நடந்தது, பிறகு ஜனங்களை அடிமைகளைப் போல நடத்தினார்கள் என்று.

அதே ஆண்டில் ஒரு நாள் சதுக்கத்துக்குள் ஒரு கிழவன் ஓடி வந்தான். கந்தல் துணி, ஒட்டிய உடல், சடை பிடித்த தாடி. கூட்டத்தில் சிலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். படையில் நூறு பேருக்குத் தலைவனாக இருந்தவன்! மார்பில் போர்த் தழும்புகள். என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள். சபைன் யுத்தத்துக்குப் போயிருந்தபோது பகைவர் அவன் பயிரை அழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், மாடுகளை ஓட்டிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து வரி கேட்டு வந்தான் சர்க்கார் சேவகன். கடன் வாங்கினான். வட்டி ஏறியது. பாட்டன் பூட்டன் நிலம் போயிற்று. தட்டுமுட்டுச் சாமான் போயிற்று. கடைசியில் கடன் அவன் உடம்பையே பற்றிக்கொண்டது. கடன் கொடுத்தவன் அவனை இழுத்துப் போய் வேலைக் கொட்டடியில் அடைத்தான். கிழவன் திரும்பி முதுகைக் காட்டினான். புதிய சாட்டைத் தழும்புகள்!

மார்பில் பகைவன் போட்ட தழும்பு. முதுகில் சொந்த ஊர்ப் பணக்காரன் போட்ட தழும்பு. ராஜா போய் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கை கட்டி நின்ற கைகள்

ஊர் குமுறிக்கொண்டிருக்கும்போதே வோல்ஸியர் படை வருகிறது என்று செய்தி வந்தது. யுத்தத்தின் லாபம் யாருக்கோ அவர்களே போய்ச் சண்டை போடட்டும் என்று ஜனங்கள் படையில் சேர மறுத்தார்கள். கான்சல் செர்விலியஸ் ஓர் உத்தரவு போட்டான்: படையில் சேர வருபவனைக் கடனுக்காகக் கட்டி வைக்கக் கூடாது, முகாமில் இருப்பவன் சொத்தை ஜப்தி செய்யக் கூடாது. நம்பிப் போனார்கள், ஜெயித்தார்கள், திரும்பினார்கள். திரும்பியதும் இன்னொரு கான்சல் அப்பியஸ் கிளாடியஸ் கடன் வழக்குகளை முன்னைவிடக் கடுமையாகத் தீர்த்து, கடனாளிகளைப் பழைய கொட்டடிக்கே அனுப்பினான். மறு ஆண்டு இன்னொரு யுத்தம், இன்னொரு வாக்குறுதி, இன்னொரு மோசடி. கடனுக்கு வழி செய்யுங்கள் என்று கேட்ட தலைவன் வலேரியஸை செனட் கைவிட்டது. அவன் பதவியை உதறிவிட்டு வீட்டுக்குப் போனான். படையைக் கலைத்தால் ஜனங்கள் கூடிப் பேசுவார்கள் என்று பயந்து, கலைக்காமலே வேறு ஒரு யுத்தத்தைச் சாக்காக வைத்து ஊருக்கு வெளியே அனுப்பப் பார்த்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? கி.மு. 494. கான்சல்களைக் கொன்றுவிடலாமா என்று சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சு எடுபடவில்லை. நகரத்திலிருந்து மூன்று மைல் தூரத்தில், அனியோ ஆற்றுக்கு அப்பால் இருந்த 'புனித மலை'க்கு நடந்து போய்விட்டார்கள். அகழி வெட்டி, முகாம் அடித்து உட்கார்ந்தார்கள். தின்பதற்கு வேண்டியதைத் தவிர எதையும் எடுக்கவில்லை; யாரையும் அடிக்கவில்லை. உழவு இல்லை, சுமை இல்லை, காவல் இல்லை, படை இல்லை. அவ்வளவுதான். சரித்திரத்தில் நாம் அறிந்த பெரும் வேலைநிறுத்தங்களில் இது மிகப் பழைய ஒன்று. ராஜாவை விரட்டியபோது கிடைக்காதது இப்போது கிடைத்தது.

செனட் மெனேனியஸ் அக்ரிப்பா என்பவனைத் தூதனுப்பியது. அவன் ஒரு கதை சொன்னான். கை, வாய், பல் எல்லாம் சேர்ந்து, வயிறு சும்மா இருந்து தின்கிறதே என்று வேலைநிறுத்தம் செய்தனவாம். கடைசியில் உடம்பு முழுவதும் வாடிப் போயிற்றாம். ஆகவே, செனட் வயிறு, நீங்கள் கைகள், ஒற்றுமையாக இருங்கள்! ஆலையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே குடும்பம் என்று கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கதை புதிதல்ல. நாம் ஒன்று கேட்கிறோம்: எந்த உடம்பிலாவது வயிறு கையைச் சாட்டையால் அடித்ததுண்டா? கையை விலங்கு பூட்டிக் கொட்டடியில் அடைத்ததுண்டா?

அந்தக் கதையைக் கேட்டு மனம் மாறி ஜனங்கள் இறங்கி வந்தார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். பொய். தங்களுக்கென்று தாங்களே தேர்ந்தெடுக்கும் டிரிப்யூன்கள் வேண்டும், அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, பிரபு எவனும் அந்தப் பதவிக்கு வரக் கூடாது என்று நிபந்தனை போட்டு, அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் இறங்கினார்கள்.

ஆனால் கடன் தீர்ந்ததா? கி.மு. 450-ஐ ஒட்டி எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டத்தைப் பாருங்கள். கடனை ஒப்புக்கொண்டவனுக்கு 30 நாள் தவணை. பிறகு கடன் கொடுத்தவன் பதினைந்து ராத்தல் விலங்கு பூட்டலாம். நாளைக்கு ஒரு ராத்தல் மாவு போட வேண்டும். 60 நாள் கட்டி வைக்கலாம். யாரும் மீட்க வராவிட்டால் டைபர் ஆற்றுக்கு அக்கரையில் அடிமையாக விற்கலாம், கொல்லவும் செய்யலாம். இது ராஜா போட்ட சட்டமல்ல, குடியரசு போட்டது. கடனுக்கு உடம்பைப் பிடிக்கும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வர கி.மு. 326 ஆயிற்று. அதற்குள் யுத்தங்களில் பிடிபட்ட அந்நிய நாட்டு அடிமைகள் பண்ணைகளை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'ராஜாவாகப் பார்க்கிறான்!'

இனி, செத்துப்போன ராஜாவைப் பிரபுக்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்போம்.

ஸ்பூரியஸ் காஸியஸ் மூன்று தடவை கான்சலாக இருந்தவன். யுத்தத்தில் பிடித்த நிலத்தையும், சீமான்கள் வளைத்துப் போட்டிருந்த பொது நிலத்தையும் பங்கிட வேண்டும் என்று கி.மு. 486-ல் மசோதா கொண்டுவந்தான். மறு ஆண்டே, ராஜாவாகப் பார்க்கிறான் என்று குற்றம் சாட்டிக் கொன்றார்கள். அவன் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஸ்பூரியஸ் மேலியஸ், பணக்காரனான ஒரு பிளெபியன். பஞ்ச காலத்தில் வெளியிலிருந்து தானியம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்தான். ராஜாவாகப் பார்க்கிறான்! கி.மு. 439-ல் சதுக்கத்திலேயே குத்திக் கொன்றார்கள். அவன் வீட்டையும் இடித்தார்கள்.

மார்க்கஸ் மான்லியஸ், காலியர் படையெடுப்பின்போது கேப்பிடல் குன்றைக் காப்பாற்றிய வீரன். கடனுக்காக இழுத்துச் செல்லப்பட்ட ஒரு பழைய படைத் தலைவனைக் கண்டு, தன் பணத்தைக் கொடுத்து மீட்டான். தன் பண்ணையை விற்றான். வட்டியில்லாமல் பணம் கொடுத்து அவன் காப்பாற்றியவர்கள் சுமார் 400 பேர் விசாரணையில் வந்து சாட்சி நின்றார்கள். விசாரணை நடந்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் காத்த குன்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவனைத் தண்டிக்க ஜனங்களுக்கு மனம் வரவில்லை. பிரபுக்கள் என்ன செய்தார்கள்? குன்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தோப்புக்கு விசாரணையை மாற்றினார்கள்! கி.மு. 384-ல், அவன் காத்த அதே குன்றின் பாறையிலிருந்து அவனைத் தள்ளிக் கொன்றார்கள். குற்றம்? ராஜாவாகப் பார்த்தான்.

இவர்கள் மூவரும் மாசற்றவர்கள் என்று நாம் வாதாடவில்லை. பதவி ஆசையும் இருந்திருக்கலாம். ஆனால் ஒருவன் நிலம் என்றான், ஒருவன் தானியம் என்றான், ஒருவன் கடன் என்றான். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. டார்க்வின் உயிரோடு இருந்தபோது அவன் பெயரைச் சொல்லிப் பிரபுக்கள் ஜனங்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். அவன் செத்த பிறகு அதே பெயரைச் சொல்லி, சலுகை கேட்டவர்களைக் கொன்றார்கள்!

கி.மு. 133-ல் டிரிப்யூன் டைபீரியஸ் கிராக்கஸ், ஒருவன் 500 யூகேரா அளவுக்கு மேல் வைத்திருக்கும் பொது நிலத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கச் சட்டம் செய்தான். மறுபடியும் டிரிப்யூன் தேர்தலுக்கு நின்றான். கேப்பிடல் குன்றின் மேல் கூட்டம். இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. தன் உயிருக்கு ஆபத்து என்று காட்டத் தலையைத் தொட்டுச் சைகை செய்தான். உடனே செனட்டுக்கு ஓடினார்கள்: "கிரீடம் கேட்கிறான்!" தலைமைப் பூசாரி நாஸிகா முன்னால் நடக்க, செனட்டர்கள் பெஞ்சுகளை உடைத்து, கால்களைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். கிராக்கஸை அடித்தே கொன்றார்கள். அவனோடு செத்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல். உடலைக் கொடு, இரவில் அடக்கம் செய்துகொள்கிறேன் என்று கிராக்கஸின் தம்பி கெஞ்சினான். கொடுக்கவில்லை. டார்க்வின் வயலின் தானியத்தைக் கொட்டிய அதே டைபர் ஆற்றில், மற்றப் பிணங்களோடு அதையும் வீசினார்கள்.